பெயர் தமிழ்நாடு, பட்டியலில் எங்கே தமிழ்நாடு?

தமிழ்நாட்டின் பெயரில் ஒரு ஹாக்கி அணி இருக்கிறது. தமிழ்நாடு டிராகன்ஸ். சட்டையில் தமிழ்நாடு இருக்கிறது. விளம்பரத்தில் தமிழ்நாடு இருக்கிறது. ஆடுவோர் பட்டியலில் தமிழ்நாட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

இது தற்செயலாக நடந்ததன்று. ஏலக்கூடத்தில் உட்கார்ந்து, விலை கூறி, கையெழுத்திட்டு எடுத்த முடிவு. எடுத்தவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது ஆட்டங்கள் இல்லாத இடைவெளி. யாரைத் தக்கவைப்பது, யாரை விடுவிப்பது, அடுத்த ஏலத்தில் யாருக்குப் பணம் ஒதுக்குவது என்று அணிகள் கணக்குப் போடும் காலம். ரசிகர்களும் கணக்குப் போடுகிறார்கள். பெனால்டி கார்னருக்கு எந்த ஐரோப்பியர், கோல்கம்பத்துக்கு எந்த வெளிநாட்டவர், முன்களத்துக்கு எந்த ஆஸ்திரேலியர் என்று கோவை டீக்கடைகளிலும் வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுவதில்லை. நம் பையன்கள் எத்தனை பேர்?

முதல் பட்டியலைப் பாருங்கள். ஏழாண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் உயிர்பெற்ற ஹாக்கி இந்தியா லீகின் ஏலம் 2024 அக்டோபர் 13 முதல் 15 வரை டெல்லியில் நடந்தது. ஆடவர் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய். தமிழ்நாடு டிராகன்ஸ் நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்கு எடுத்தது. அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கு எடுத்தது. அயர்லாந்தின் கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டை 32 லட்சத்துக்கு எடுத்தது. மூன்று பெயர்களில் 1 கோடியே 34 லட்சம். கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு.

மூவரும் தேர்ந்த ஆட்டக்காரர்கள். அவர்கள் மீது நமக்கு ஒரு குறையும் இல்லை. குறை, மீதிப் பட்டியலை நிரப்பியவர்கள் மீது. 24 பேர் கொண்ட அணி. அரியலூரின் கார்த்தி செல்வம் போன்ற ஒரு சிலரைச் சொல்லலாம். தமிழகப் பெயர்களை எண்ண ஒரு கையின் விரல்களே போதும். அந்த அடித்தளத்தின் மீதுதான் அணி இன்றும் நிற்கிறது.

கார்த்தி செல்வம் யார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. அரையிறுதியில் இந்தியா ஜப்பானை 5-0 என்று வென்றது. அதில் ஒரு கோல் அவருடையது. மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் அன்று எழுப்பிய ஓசையைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். சொந்த மண்ணின் வீரன் கோல் போட்டால் மக்கள் எப்படி எழுந்து நிற்பார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். அணியை நடத்துகிறவர்களுக்கு அந்த ஓசை கேட்கவில்லை.

விதியும் அவர்களைக் கேட்கவில்லை. இதுதான் இரண்டாவது குற்றம். அணிக்கு 24 பேர். அவர்களில் இந்தியர் குறைந்தது 16. அவர்களுள் இளையோர் 4 பேர் கட்டாயம். வெளிநாட்டவர் 8. இவ்வளவு கணக்கும் போட்டுத் தந்த லீக் நிர்வாகக் குழு, ஓர் அணி தன் மாநிலத்துக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு வரி எழுதவில்லை. மாநிலத்தின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். மாநிலத்தின் ரசிகர்களை எடுத்துக்கொள்ளலாம். மாநிலத்தின் வீரர்களை எடுக்கத் தேவையில்லை. இப்படி ஒரு விதியை எழுதியவர்கள் தில்லியில் இருக்கிறார்கள். அவர்களைத் தட்டிக் கேட்க வேண்டியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். தட்டிக் கேட்கவில்லை.

2022-ல் ஹாக்கி இந்தியாவின் பொருளாளராகத் தேர்வானவர் தமிழக ஹாக்கி நிர்வாகி. அதாவது, முடிவெடுக்கும் மேசையில் நமக்கு ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. அந்த நாற்காலியால் தமிழகத்து வீரர்களுக்குப் பட்டியலில் கிடைத்த இடங்கள் எத்தனை? தமிழ்நாடு ஹாக்கி அமைப்பு இதற்குப் பதில் சொல்லட்டும்.

கால்பந்தில் இதற்கு விடை எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகில் ஆடும் ஒவ்வொரு அணியும் பதிவு செய்யும் 25 பேரில் 8 பேர் உள்நாட்டில் வளர்க்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அவர்களிலும் குறைந்தது 4 பேர் அதே அணியில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். உலகின் பெரும் பணக்கார அணிகளுக்கே இந்த விதி. ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவ் அணி இன்னும் ஒரு படி மேலே நிற்கிறது. பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களும் வளர்ந்தவர்களும் மட்டுமே அதில் ஆடுகிறார்கள். நூறாண்டுக்கு மேலாக இதைக் கடைப்பிடிக்கும் அந்த அணி ஸ்பெயினின் முதல்நிலை லீகிலிருந்து ஒரு முறைகூடக் கீழே இறங்கியதில்லை.

நாம் பில்பாவைக் கேட்கவில்லை. 24-ல் ஒரு நியாயமான பங்கைக் கேட்கிறோம்.

கணக்கை அவர்கள் மொழியிலேயே சொல்கிறோம். 2024 ஏலத்தில் அடிப்படை விலைகள் 10 லட்சம், 5 லட்சம், 2 லட்சம் என்று மூன்று படிகளாக இருந்தன. கட்டாய இளையோர் இடங்கள் நான்கையும் அடிப்படை விலையில் தமிழகத்துப் பையன்களுக்குக் கொடுத்தால் ஆகும் செலவு 8 லட்சம். 4 கோடியில் 2 விழுக்காடு. யான்சன் ஒருவருக்குக் கொடுத்த தொகையில் இப்படி 27 பேரை எடுக்கலாம். யான்சனை விடுவிக்கச் சொல்லவில்லை. ரோஹிதாஸையும் விடுவிக்கச் சொல்லவில்லை. நான்கு இளையோர் இடங்களை நம் மாநிலத்துக்கு ஒதுக்க எந்த வெற்றியையும் இழக்க வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும். மனம் இல்லை.

முதல் சீசனில் அந்த அணி நான்காம் இடம் பிடித்தது. ஆடவர் ஆட்டங்கள் ரூர்கேலாவை மையமாக வைத்து நடந்தன. தமிழ்நாடு என்ற பெயரோடு களமிறங்கிய அணி, தமிழ்நாட்டில் ஓர் ஆட்டமும் ஆடாமல் அந்த சீசனை முடித்தது. சொந்த ஊர் அரங்கம் இல்லை. சொந்த ஊர் வீரர்களும் இல்லாத குறை. அப்படியானால் எதை வைத்து அது தமிழ்நாட்டு அணி? அடுத்த சீசனில், 2026 ஜனவரியில், சென்னைக்கு ஆட்டங்கள் வந்தன. வரவேற்கிறோம். ஆனால் சென்னையோடு தமிழ்நாடு முடிந்துவிடவில்லை. கோவையிலிருந்து சென்னை 500 கிலோமீட்டர்.

கொங்கு மண்டலத்துக்கு இதில் இழைக்கப்பட்ட அநீதி தனியாகப் பேச வேண்டியது.

ஆடம் சின்கிளேர் கோவையில் பிறந்தவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். இந்த மண்ணில் ஒலிம்பிக் ஆட்டக்காரன் பிறப்பான் என்பது அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? கோவைக்கு ஒரு செயற்கைப் புல்தரை வேண்டும் என்ற கோரிக்கையை ஆண்டுக்கணக்கில் கோப்புகளில் உறங்க விட்டார்கள். ஆர்.எஸ்.புரத்தில் அதற்கு வேலை தொடங்கியதே அண்மையில்தான்.

ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது 1976 மாண்ட்ரியலில். அந்த ஆண்டு இந்தியா ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. தரை மாறினால் ஆட்டமே மாறிவிடும் என்ற பாடத்தை இந்தியா அன்று பதக்கத்தை இழந்து கற்றுக்கொண்டது. சென்னைக்கு 1995-ல் அரங்கம் வந்தது. 1996-லும் 2005-லும் சாம்பியன்ஸ் கோப்பை அங்கே நடந்தது. 2007-ல் ஆசியக் கோப்பை நடந்தது. தமிழகத்தின் இரண்டாவது பெருநகரம் இத்தனை காலமும் கிராவல் தரையில் மட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

கிராவல் தரையில் வளரும் பையனுக்கு நேர்வது என்ன என்று பட்டியல் போடுகிறவர்களுக்குத் தெரியுமா? கல்லில் பட்டுப் பந்து எகிறும். அதனால் அவன் மட்டையை நிமிர்த்திப் பிடித்துப் பந்தை நிறுத்தப் பழகுகிறான். செயற்கைத் தரையில் பந்து தாழ்ந்து, நேராக, பல மடங்கு வேகத்தில் வருகிறது. அங்கே உடலைத் தாழ்த்தி, மட்டையைத் தரையோடு படுக்கவைத்து ஆட வேண்டும். டிராக் ஃப்ளிக் என்னும் இழுத்து வீசும் அடியை நூற்றுக்கணக்கான முறை பழக வேண்டும். அதற்கு வழுவழுப்பான, தண்ணீர் விட்ட தரை வேண்டும். கிராவலில் அதைப் பழக முடியாது. கோவையிலும் ஈரோட்டிலும் பத்து வருடம் கிராவலில் ஆடிய பையனைத் தலைநகரத்துக்கு அழைத்து, பழகாத தரையில் ஓடவிட்டு, சரியில்லை என்று திருப்பி அனுப்புவதற்குத் தேர்வு என்று பெயர். தரை தராதவர்கள் தரம் பார்க்கிறார்கள்.

இதே ஊர்தான் செட்டிபாளையத்தில் கார்ப் பந்தயத்துக்கென்று தனித் தடம் கட்டியது. இதே ஊரின் நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர். அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்திக் காட்டும் ஊரும் இதுதான். உலகத்துக்கே விளையாட்டுச் சட்டை தைத்து அனுப்பும் திருப்பூர் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. பணமும் ஆர்வமும் இங்கே எப்போதும் இருந்தன. பொறுப்பில் இருந்தவர்களிடம் அக்கறை இல்லை. இங்குள்ள தொழிலதிபர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பம்ப்செட்டுக்கும் நூலுக்கும் உலகச் சந்தை தேடியவர்கள், பக்கத்து மாநகராட்சிப் பள்ளியின் ஹாக்கி அணிக்கு மட்டை வாங்கித் தர யோசித்தார்கள்.

கிரிக்கெட்டைப் பாருங்கள். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜன் டென்னிஸ் பந்தில் பந்துவீசிப் பழகியவர். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. அதில் ஆடினார். அடுத்த ஆண்டே ஐபிஎல் ஏலத்தில் 3 கோடிக்குப் போனார். பின்னர் இந்தியாவுக்கு ஆடினார். உள்ளூரில் ஒரு கதவு திறந்தது. அதன் வழியாகக் கொங்கு மண்ணின் ஒருவர் உலக மேடைக்குப் போனார். ஹாக்கியில் அந்தக் கதவு எது? தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய அணியே அதைத் திறக்கவில்லை என்றால் வேறு யார் திறப்பார்கள்? பஞ்சாபின் அணியா? ஒடிசாவின் அணியா?

ஒடிசாவைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். சொல்லத்தான் வேண்டும். 48 லட்சம் கொடுத்து நாம் எடுத்த அமித் ரோஹிதாஸ், சுந்தர்கர் மாவட்டத்தின் சவுனாமாரா என்ற சிற்றூர்க்காரர். ஹாக்கி இந்தியாவின் தலைவராக 2022-ல் வந்த திலீப் திர்கியும் அதே ஊர். ஒரு சிற்றூர் இரண்டு ஒலிம்பிக் வீரர்களைத் தந்தது. ஒடிசா அதோடு நிற்கவில்லை. 2018 முதல் தேசிய அணிக்கே புரவலர் ஆனது. சுந்தர்கரில் வட்டார அளவிலேயே செயற்கைத் தரைகளைப் போட்டது. ரூர்கேலாவில் இருபதாயிரம் பேர் அமரும் அரங்கத்தைக் கட்டி 2023 உலகக் கோப்பையை நடத்தியது. அங்கே வட்டாரத்துக்கு ஒரு தரை. இங்கே ஒரு மண்டலமே ஒரு தரைக்காகத் தவம் கிடந்தது. அவர்கள் வளர்த்த வீரரை நாம் ஏலத்தில் வாங்குகிறோம். நம் வீரரை யாரும் வளர்க்கவில்லை.

தமிழகத்தில் ஆள் இல்லை என்று யாராவது வாய் திறந்தால், அவர்களுக்கு வரலாறு தெரியாது. 1968-லும் 1972-லும் ஒலிம்பிக் வெண்கலம் வென்ற அணிகளில் கிருஷ்ணமூர்த்தி பெருமாள் இருந்தார். 1975-ல் உலகக் கோப்பையை வென்ற அணியில் பிலிப்ஸ் இருந்தார். 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவரே வாசுதேவன் பாஸ்கரன்தான். 1996-லும் 2000-லும் முகமது ரியாஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். இந்தப் பரம்பரைக்குப் பின் டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியா வெண்கலம் வென்றது. இரண்டு அணிகளிலும் தமிழகத்திலிருந்து ஒருவரும் இல்லை. கார்த்தி செல்வமும் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஆசியக் கோப்பையில் தேசிய அணிக்குள் நுழைந்தபோது, நீண்ட வறட்சி முடிந்தது என்று மகிழ்ந்தோம். அவர்களுக்குப் பின்னால் வரிசை நிற்க வேண்டும். வரிசையை உருவாக்க வேண்டியது யார் பொறுப்பு?

கோவில்பட்டியில் தரை இருந்தது, பயிற்சி மையம் இருந்தது, அதனால் ஆட்கள் வந்தார்கள். இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்குழு வேண்டாம்.

வீரர்களைப் பெயராகவும் விலையாகவும் மட்டும் பார்க்கும் நிர்வாகம் என்ன செய்யும் என்பதை இந்திய ஹாக்கி ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1998 பாங்காக் ஆசியப் போட்டி. 32 ஆண்டுகளுக்குப் பின் தங்கம். அணித் தலைவர் தன்ராஜ் பிள்ளை, புனே அருகே கட்கியில் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தங்கத்தோடு திரும்பிய சில வாரங்களில் அவரும் மூத்த வீரர்கள் ஆறு பேரும் அணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஓய்வு கொடுத்தோம் என்றது அன்றைய இந்திய ஹாக்கி சம்மேளனம். வசதியும் ஊதியமும் கேட்டதற்குத் தண்டனை என்றே நாடு அதைப் படித்தது. நான்கு ஒலிம்பிக்கும் நான்கு உலகக் கோப்பையும் ஆடிய மனிதருக்கே அந்தக் கதி. ஆட்டம் இல்லாத காலத்தில், மூடிய அறைக்குள் எழுதப்படும் பட்டியல்தான் எப்போதும் இப்படிப்பட்ட அநீதிக்கு இடம் தருகிறது. அதனால்தான் இந்த இடைவெளியில், பட்டியல் எழுதும் முன்பே, கேட்கிறோம்.

இன்னொரு வெட்கம் பாக்கி இருக்கிறது. மகளிர் லீக் 2025 ஜனவரியில் தொடங்கியது. ஒடிசாவுக்கு அணி இருந்தது. டெல்லிக்கு இருந்தது. வங்கத்துக்கு இருந்தது. தமிழ்நாட்டுக்கு இல்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் மட்டை பிடிக்கும் பெண்பிள்ளைகள், தங்கள் மாநிலத்தின் பெயரில் ஆடும் ஓர் அணியைத் தொலைக்காட்சியில்கூடப் பார்க்கவில்லை. முதலீட்டாளர் வரவில்லை என்ற பேச்சை ஏற்க முடியாது. 2025 நவம்பரிலும் டிசம்பரிலும் 24 நாடுகள் ஆடிய இளையோர் உலகக் கோப்பையைச் சென்னையிலும் மதுரையிலும் நடத்திக் காட்டியது தமிழ்நாடு. மதுரைக்குப் புது அரங்கமே வந்தது. அதை நடத்தத் தெரிந்த அரசுக்கு ஒரு மகளிர் அணிக்குப் புரவலர் தேடத் தெரியாதா? கோவைக்கு அந்த உலகக் கோப்பையில் ஓர் ஆட்டமும் தரப்படவில்லை என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறோம்.

ஆகவே தமிழ்நாடு டிராகன்ஸ் நிர்வாகத்துக்கு நேராகச் சொல்கிறோம். தக்கவைப்புப் பட்டியலில் தமிழக வீரர் ஒருவரையும் விடுவிக்காதீர்கள். விடுவித்தால் காரணத்தை வெளியில் சொல்லுங்கள். இளையோர் இடங்கள் நான்கையும் தமிழகத்துக்கு ஒதுக்குங்கள். ஏலத்துக்குப் பெயர் பதியும் நாளுக்கு முன்பே கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் உங்கள் பயிற்சியாளர்களை அனுப்பித் திறந்த தேர்வு நடத்துங்கள். ஒரு நாள் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கிராவலில் வளர்ந்த பையனைச் செயற்கைத் தரையில் சில வாரம் ஓடவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

லீக் நிர்வாகக் குழு அடுத்த ஏலத்துக்கு முன் விதியைத் திருத்த வேண்டும். மாநிலத்தின் பெயரைத் தாங்கும் அணி, மாநில வீரர்களுக்குக் குறைந்தபட்ச இடம் தர வேண்டும். தமிழ்நாடு ஹாக்கி அமைப்பு இதை எழுத்தில் கேட்க வேண்டும். கேட்ட கடிதத்தை வெளியிட வேண்டும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் ஒரு சொல். ஆர்.எஸ்.புரம் தரை ரிப்பன் வெட்டும் இடமாக முடிந்துவிடக் கூடாது. காலையும் மாலையும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் அதில் காசு கொடுக்காமல் ஆட வேண்டும். தரைக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டும். பயிற்சியாளருக்கு மாதச் சம்பளம் வேண்டும். பராமரிக்காத செயற்கைத் தரை சில ஆண்டுகளில் கிழிந்து போகும். கிழிந்த பிறகு இன்னொரு முப்பது ஆண்டு காத்திருக்கக் கொங்கு மண்டலம் தயாராக இல்லை.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தக்கவைப்புப் பட்டியல் வெளிவரும் நாளில், எந்த வெளிநாட்டவர் தங்கினார் என்று தேடுவதற்கு முன் தமிழகத்துப் பெயர்களை எண்ணுங்கள். எண்ணிக்கை கூடவில்லை என்றால் அணி நிர்வாகத்துக்கு எழுதுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.